பேட்டரிக்குள் என்ன நடந்தது என்று பார்க்க எந்த நுண்ணோக்கி?

போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். ஒருவர் கப்பலூரில் மின்சார ஸ்கூட்டருக்கு பேட்டரி பேக் கட்டிக் கொடுப்பவர். இன்னொருவர் எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகும் மாணவி. மூன்றாமவர் பிஎச்.டி. மூன்றாம் ஆண்டில் இருக்கும் ஒரு தம்பி. மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியின் கருவிக்கூடத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கி ஓட்டுவது என் வேலை. அதனால் இப்படி வருகிறவர்கள் எப்போதும் உண்டு.

பேக் கட்டுகிறவர், "அண்ணே, எல்லாம் ஒரே பெட்டியில வந்த செல்லுதான். மத்ததெல்லாம் நல்லா ஓடுது, இது மட்டும் ஆறே மாசத்துல உக்காந்துருச்சு. மைக்ரோஸ்கோப்புல வச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்றார். மாணவிக்குத் தன் கையால் செய்த காயின் செல்லில் (நாணய வடிவச் சிறு பேட்டரி) சார்ஜ் ஏறும்போது கிராஃபைட் எப்படி மாறுகிறது என்று காட்ட வேண்டும். கையில் பணம் கொஞ்சம், நாள் அதைவிடக் கொஞ்சம். தம்பியோ வந்ததும் வராததுமாக, "டெம் எங்கே எடுக்கலாம் சார்?" என்று ஆரம்பித்தார். டெம் என்றால் டி.இ.எம்., அணு வரிசை வரை காட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கி.

மூவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. இதே குழப்பத்தில் நிறைய பேர் இருக்கிறார்கள் என்பதால், எதை வைத்து முடிவு செய்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

## உள்ளே இருப்பவை எவ்வளவு பெரியவை

உருளை வடிவ லித்தியம் செல்களில் ஒரு வகைக்கு 18650 என்று பெயர். அந்தப் பெயரே அளவுதான். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. உயரம். உறைக்குள் பாயைச் சுருட்டி வைத்த மாதிரி ஒரு சுருள் இருக்கும். விரித்தால் இரண்டு நீள நாடாக்கள், அவற்றைத் தொடவிடாமல் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள். ஆனோடு நாடா என்பது 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள செம்புத் தகட்டின் இரு பக்கமும் கிராஃபைட் பூசியது. கேத்தோடு நாடா 15 மைக்ரான் தடிமனுள்ள அலுமினியத் தகட்டில் நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட் ஆக்சைடோ (என்.எம்.சி. என்பார்கள்), இரும்பு பாஸ்பேட்டோ பூசியது. பூச்சு பக்கத்துக்கு 50 முதல் 100 மைக்ரான். செப்பரேட்டர் தாள் 10 முதல் 25 மைக்ரான். நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் இந்த அளவுகள் பிடிபடும்.

அதற்கும் கீழே போனால் கிராஃபைட் துகள் 10, 20 மைக்ரான். என்.எம்.சி. உருண்டை ஒவ்வொன்றும் 10 மைக்ரான் வரும். கிட்டப் போனால் அந்த உருண்டையே சில நூறு நானோமீட்டர் (மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள குட்டித் துகள்கள் ஒட்டிச் சேர்ந்த கட்டி. இரும்பு பாஸ்பேட் துகள் தொடக்கத்திலேயே சில நூறு நானோமீட்டர்தான். கிராஃபைட்டின் மேல் முதல் சார்ஜிலேயே படியும் காப்புப் படலம், அதாவது எஸ்.இ.ஐ., சில பத்து நானோமீட்டர். செல்லின் ஆயுளில் பெரும்பங்கைத் தீர்மானிப்பது கண்ணுக்கு எட்டாத இந்தப் படலம்தான்.

65 மி.மீ. உருளையிலிருந்து சில பத்து நானோமீட்டர் படலம் வரை என்றால், பெரியதற்கும் சிறியதற்கும் பத்து லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம். அத்தனையையும் ஒரே கருவி காட்டிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் கேட்பது ஐந்து கேள்விகள். தேடுகிற பொருள் எவ்வளவு பெரியது? செல்லைப் பிரிக்காமல் பார்க்க வேண்டுமா, பிரிக்கலாமா? லித்தியத்தையே பார்க்க வேண்டுமா, அது போய்வந்த தடம் தெரிந்தால் போதுமா? ஒரு படத்தில் எவ்வளவு பரப்பு விழும்? மாதிரி காற்றுப் படாமல் கருவிக்குள் போகுமா?

கட்டணத்தை ஆறாவதாகத்தான் வைப்பேன். பணம் முக்கியமில்லை என்பதால் அல்ல. கட்டண அட்டையில் போட்டிருக்கும் தொகை உண்மையான செலவில் ஒரு பகுதிதான். வெட்டுவது, மெருகேற்றுவது, காற்றுப் படாமல் ஆர்கான் வாயுவில் அடைத்துக் கொண்டுபோவது, ஸ்லாட்டுக்குக் காத்திருப்பது, முதல் மாதிரி கெட்டுப்போய் இரண்டாவது முறை போவது, இதெல்லாம் அட்டையில் வராது. வெளியாட்களுக்கு ஜிஎஸ்டி தனி.

| வழி | எவ்வளவு நுணுக்கம் | பிரிக்க வேண்டுமா | லித்தியம் தெரியுமா | ஒரு தடவைக்குக் கிடைக்கும் பரப்பு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| எக்ஸ்ரே மைக்ரோ சி.டி. | முழு 18650-க்கு 10 மைக்ரான் போல. சிறு துண்டுக்கு 1 மைக்ரான் | வேண்டாம் | தெரியாது | முழுச் செல் | செல்லைக் கொண்டுபோவது, தரவைப் பிரித்துப் படிக்கும் நேரம் |
| ஒளி நுண்ணோக்கி | 0.2 மைக்ரானுக்குக் கீழே போகாது | வேண்டும் | கிராஃபைட்டின் நிறத்தில் தெரியும் | மில்லிமீட்டர் கணக்கு | காற்றுப் புகாத கண்ணாடி அடைப்பு, மெருகேற்றல் |
| எஸ்.இ.எம். (எலக்ட்ரான் கற்றையால் மேற்பரப்பை வருடிப் பார்க்கும் நுண்ணோக்கி) | சில நானோமீட்டர் | வேண்டும் | வழக்கமான ஈ.டி.எஸ்.-ல் (எந்தத் தனிமம் என்று காட்டும் இணைப்பு) தெரியாது | மில்லிமீட்டர் முதல் மைக்ரான் வரை | குறுக்குவெட்டு, பூச்சு, காற்றுப் படாமல் ஏற்றுவது |
| டி.இ.எம். (மெல்லிய மாதிரிக்குள் எலக்ட்ரான் கற்றையை ஊடுருவவிட்டுப் பார்ப்பது) | அணு வரிசை வரை | வேண்டும். 100 நானோமீட்டருக்கும் மெல்லியதாகச் சீவ வேண்டும் | கஷ்டப்பட்டால் தெரியும் | சில மைக்ரான் | அயனிக்கற்றைச் சீவல், கற்றையால் வரும் சேதம் |

## எக்ஸ்ரே சி.டி.: பிரிப்பதற்கு முன்னால்

பழுதான முழுச் செல் கையில் இருந்தால் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். பிரித்துவிட்டால் திரும்பப் பூட்ட முடியாது. சுருள் எந்த நிலையில் இருந்தது, நடுவே சரிந்திருந்ததா, வாயு சேர்ந்து தாள்கள் விலகியிருந்தனவா என்பதெல்லாம் உறையை வெட்டுகிற நிமிடத்திலேயே கலைந்துபோகும். சி.டி. இதையெல்லாம் இருந்தபடியே காட்டும். முனைத் தகட்டின் வெல்டிங் விலகியிருந்தால் தெரியும். உள்ளே உலோகத் தூள் சிக்கியிருந்தால் பளிச்சென்று தெரியும். ஆனோடு நாடா கேத்தோடைவிடக் கொஞ்சம் அகலமாக, விளிம்பில் வெளியே நீண்டு இருக்க வேண்டும். சுற்றும்போது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு அந்த விளிம்பு குறைந்திருந்தால், அதுவும் தெரியும்.

அடிக்கடி கேட்கிறார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: ஆஸ்பத்திரி ஸ்கேன் சென்டர் சி.டி. இதற்கு உதவாது. அது பார்ப்பது அரை மில்லிமீட்டர் அளவில். நம் சுருளில் ஆனோடு, தாள், கேத்தோடு, தாள் என்று ஒரு சுற்று முழுவதும் சேர்ந்தே 0.35 மில்லிமீட்டர்தான் வரும். அத்தனையும் ஒரே புள்ளியில் கலந்துவிடும். மைக்ரோ சி.டி. என்பது வேறு இயந்திரம். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. உணர்தட்டில் குறுக்கே 2,000 புள்ளிகள் என்று வையுங்கள். 18 மி.மீ. செல் முழுவதும் படத்தில் அடங்க வேண்டும் என்றால் ஒரு புள்ளிக்கு 9 மைக்ரான். செம்புத் தகடு முழுவதுமே ஒரு புள்ளி அகலம்தான். ஒரு மைக்ரான் நுணுக்கம் என்று விளம்பரத்தில் போட்டிருப்பது இரண்டு மில்லிமீட்டர் துண்டுக்கு. முழுச் செல்லுக்கு இல்லை.

எக்ஸ்ரேயை அதிகம் தடுப்பது கனமான தனிமங்கள். செம்பு, நிக்கல், கோபால்ட் எல்லாம் வெளிச்சமாக விழும். கிராஃபைட் மங்கல். லித்தியம் கிட்டத்தட்ட இல்லாத மாதிரியே. ஆனோடில் லித்தியம் ஊசியாக வளர்ந்து தாளைத் துளைத்திருக்கிறதா என்பதை சி.டி. படத்தில் தேடி ஏமாற வேண்டாம்.

இதில் யாரும் சொல்லாத செலவு, செல்லைக் கொண்டுபோவது. பழுதான, உப்பிய லித்தியம் செல்லை விமானத்தில் அனுப்பத் தடை இருக்கிறது. கூரியர்காரர்களும் வாங்க மாட்டார்கள். உப்பிய செல்லைப் பையில் போட்டுக்கொண்டு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் நம்மை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

செல் பழுது எங்கே என்றே தெரியாதபோதும், உற்பத்தியில் வந்த குறையா, ஓட்டத்தில் வந்த குறையா என்று பிரித்தறியவும் சி.டி.தான் சரி. காயின் செல் செய்கிற மாணவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

## நடுவில் ஒரு வேலை: பிரிப்பது

சி.டி. தவிர மற்ற எல்லாவற்றுக்கும் செல்லைத் திறந்தாக வேண்டும். இதைப் பட்டறையிலோ வீட்டிலோ செய்யவே கூடாது. சார்ஜ் ஏறிய கிராஃபைட் காற்று பட்டாலே சூடாகும், தீப்பிடிக்கவும் செய்யும். மின்பகு திரவத்தில் இருக்கும் லித்தியம் ஹெக்சாஃபுளோரோ பாஸ்பேட் ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும். அது நுரையீரலையும் எலும்பையும் தாக்கும் நஞ்சு. ஆர்கான் நிரப்பிய கிளவ் பாக்ஸ் (வெளியிலிருந்தே கைவிட்டு வேலை செய்யக் கையுறை பதித்த, காற்றுப் புகாத பெட்டி), பழகிய கை, தீயணைப்புக்கான ஏற்பாடு, மூன்றும் இருக்கும் இடத்தில்தான் திறக்க வேண்டும்.

இங்கே ஒரு இக்கட்டு இருக்கிறது. பாதுகாப்புக்காக செல்லைப் பூஜ்ய வோல்ட் வரை வடித்துவிடுவது பலரின் பழக்கம். ஆனால் அவ்வளவு கீழே இறக்கினால் ஆனோடின் செம்புத் தகடே கரைய ஆரம்பிக்கும். அப்புறம் ஆனோடிலோ தாளிலோ செம்பைப் பார்த்துவிட்டு, "செல் கெட்டதற்குக் காரணம் செம்பு" என்று எழுதினால், அந்தச் செம்பை அங்கே வைத்தவர் நீங்களாகவே இருக்கலாம். செல் தயாரித்தவர் சொன்ன கீழெல்லை வரை, அது வழக்கமாக 2.5 வோல்ட் போல இருக்கும், மெதுவாக இறக்கி நிறுத்துங்கள். மீதமிருக்கும் ஆற்றலுக்கு ஏற்ற பாதுகாப்பை கிளவ் பாக்ஸில் செய்துகொள்ளுங்கள்.

திறந்த பிறகு நாடாவை டைமெத்தில் கார்பனேட் என்ற கரைப்பானில் அலசுவார்கள். அலசாவிட்டால் உப்பு காய்ந்து படிகமாகி எல்லாவற்றையும் மூடிவிடும். அலசினால் எஸ்.இ.ஐ. படலத்தில் கரையக்கூடிய பகுதியும் போய்விடும். இரண்டும் வேண்டாம் என்றால் வழியில்லை. நான் செய்யச் சொல்வது, ஒரே நாடாவில் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளில் ஒன்றை அலசி, ஒன்றை அலசாமல் வைப்பது.

## ஒளி நுண்ணோக்கி: பலர் தாண்டிப் போய்விடுகிற வழி

உயிரியல் துறை நுண்ணோக்கி இதற்குச் சரிவராது. அது மாதிரி வழியாக வெளிச்சத்தை அனுப்பிப் பார்ப்பது; நம் மின்முனைகள் வெளிச்சத்தை விடாது. தேவைப்படுவது மேலிருந்து வெளிச்சம் விழும் மெட்டலர்ஜிக்கல் மைக்ரோஸ்கோப். அது மெக்கானிக்கல் துறை உள்ள ஏறக்குறைய எல்லாப் பொறியியல் கல்லூரியிலும் இரும்புத் துண்டுகளைப் பார்க்க வைத்திருப்பார்கள். ஆய்வகப் பொறுப்பாளரிடம் முறையாகக் கேட்டால் ஒரு மதியம் கிடைக்கும். காசு கேட்கிற இடம் குறைவு.

இதன் எல்லை 0.2 மைக்ரான். எஸ்.இ.ஐ. தெரியாது, என்.எம்.சி. உருண்டைக்குள் இருக்கும் குட்டித் துகள்களும் சரியாகத் தெரியாது. பூச்சின் தடிமன் ஒரே சீராக இருக்கிறதா, தகட்டை விட்டு உரிகிறதா, விளிம்பில் வெட்டும்போது பிசிறு வந்திருக்கிறதா என்பதற்கெல்லாம் இது தாராளம். எலக்ட்ரான் நுண்ணோக்கி எதனாலும் தர முடியாத ஒன்றும் இதில் கிடைக்கும். அது நிறம்.

கிராஃபைட் சும்மா இருக்கும்போது சாம்பல் கலந்த கறுப்பு. லித்தியம் ஏற ஏற முதலில் கருநீலமாகும், பிறகு செம்பழுப்பு. ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம் என்று முழுதாக நிரம்பியதும் பொன்னிறம். அந்த மாணவியின் காயின் செல்லை கிளவ் பாக்ஸில் திறந்தபோது, ரப்பர் கையுறைக்கு அந்தப் பக்கம் இடுக்கியில் பிடித்த வட்டத் துண்டு, தீட்டிய பித்தளைத் தட்டின் அடிப்பக்கம் மாதிரி மின்னியது. ஒரு ஓரத்தில் மட்டும் பிறை வடிவில் சிவப்பு. அங்கே தாள் மடங்கியிருந்ததால் லித்தியம் முழுதாகப் போய்ச் சேரவில்லை. அந்தப் பிறையைக் கண்டுபிடிக்க எந்த விலையுயர்ந்த கருவியும் தேவைப்படவில்லை. எஸ்.இ.எம். படத்தில் அந்த இடமும் மற்ற இடமும் ஒரே சாம்பல் நிறமாகத்தான் இருந்திருக்கும்.

வேகமாக சார்ஜ் ஏற்றிய செல்லில் லித்தியம் கிராஃபைட்டுக்குள் போகாமல் மேலேயே உலோகமாகப் படிந்திருந்தால், அதுவும் வெள்ளி கலந்த சாம்பல் திட்டாக இதில் தெரியும்.

ஆனால் காற்றுப் பட்ட சில நிமிடங்களில் அந்தப் பொன்னிறம் மங்கிவிடும். ஐப்பசி மழையில் இன்னும் சீக்கிரம். கிளவ் பாக்ஸுக்குள்ளேயே இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே துண்டை வைத்து, ஓரம் முழுக்க எபாக்சி பூசி, அது இறுகிய பிறகே வெளியே எடுக்க வேண்டும். ஒரு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

## எஸ்.இ.எம்.: நடு ஆள், ஆனால் கவனம் கேட்கும்

மாணவர்கள் வாயில் இது 'செம்'. "செம் எடுத்தாச்சா?" என்பதுதான் எங்கள் வராந்தாவில் அதிகம் கேட்கும் வாக்கியம். பேட்டரிக்குள் பார்க்க ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதைத்தான் சொல்வேன். மின்முனையின் முழுத் தடிமனும் ஒரு படத்தில் வரும், அதே இடத்தில் ஆயிரம் மடங்கு உள்ளே போனால் ஒரு துகளின் விரிசலும் வரும். மாதிரிக்குச் சில நூறு ரூபாயில் தொடங்கும் இடங்கள் நம் பக்கத்தில் உண்டு. எடாக்ஸ் என்று எல்லோரும் சொல்கிற ஈ.டி.எஸ். சேர்த்தால் எந்தத் தனிமம் எங்கே இருக்கிறது என்ற வரைபடமும் கிடைக்கும்.

எந்த வோல்டேஜில் எடுக்கிறோம் என்பதுதான் பாதி வேலை. கருவியில் வழக்கமாக 20 கிலோவோல்ட் வைத்திருப்பார்கள். அந்த வேகத்தில் எலக்ட்ரான் கிராஃபைட்டுக்குள் நான்கைந்து மைக்ரான் ஆழம் போய்விடும். சில பத்து நானோமீட்டர் எஸ்.இ.ஐ. அந்தப் படத்தில் கண்ணாடித்தாள் மாதிரி, இருப்பதே தெரியாது. 2 கிலோவோல்ட்டுக்கு இறக்கினால் ஆழம் 0.1 மைக்ரான். துகளின் மேலிருக்கும் சொரசொரப்பு அப்போதுதான் எழுந்து வரும். ஸ்லாட் எழுதும்போதே "2 கிலோவோல்ட் வேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள். செப்பரேட்டர் தாளுக்கும் இதுதான் நல்லது. அதிக வோல்டேஜில் பிளாஸ்டிக் இழைகள் கண்ணெதிரே உருகி, துளைகள் பெரிதாகிவிடும்.

எடாக்ஸில் விழுகிற குழிகள் மூன்று. முதலாவது, லித்தியம் தெரியாது. அது விடும் எக்ஸ்ரே வெறும் 54 எலக்ட்ரான் வோல்ட். வழக்கமான உணர்கருவியின் சன்னல் அதை உள்ளேயே விடாது. சன்னல் இல்லாத சிறப்பு உணர்கருவிகள் வந்திருக்கின்றன, ஆனால் கல்லூரிக் கருவியில் அதை எதிர்பார்க்காதீர்கள். இரண்டாவது, தங்கப் பூச்சு. கோல்டு கோட்டிங் போட்டால் தங்கத்தின் கோடு 2.12 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வரும், பாஸ்பரஸின் கோடு 2.01-ல். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இரும்பு பாஸ்பேட் கேத்தோடை எடுத்துவந்து, தங்கம் பூசி, பாஸ்பரஸ் சதவீதம் கேட்பவர்கள் இன்றும் வருகிறார்கள். கார்பன் பூசச் சொல்லுங்கள். அல்லது மின்முனை தானே மின்கடத்தும் என்பதால், குறைந்த வோல்டேஜில் பூச்சில்லாமலே எடுத்துப் பாருங்கள். மூன்றாவது, ஃபுளோரின். அது தெரிந்தவுடன் "எஸ்.இ.ஐ.-ல் லித்தியம் ஃபுளோரைடு" என்று எழுதிவிடுகிறார்கள். துகள்களை ஒட்டவைக்கும் பி.வி.டி.எஃப். பசையிலேயே ஃபுளோரின் இருக்கிறது. ஒரு தடவைகூட சார்ஜ் ஏற்றாத நாடாவை எடாக்ஸில் வைத்தாலும் ஃபுளோரின் வரும்.

அப்புறம் குறுக்குவெட்டு. மேலிருந்து பார்க்கும் படத்தில் துகள்களின் தலை மட்டும் தெரியும். என்.எம்.சி. உருண்டைக்குள் சார்ஜ் ஏறி இறங்கி வந்த விரிசல், தகட்டுக்கும் பூச்சுக்கும் இடையே பிடிப்பு, துளைகள் எப்படி ஓடுகின்றன என்பதெல்லாம் வெட்டிப் பார்த்தால்தான். கத்தரிக்கோலால் வெட்டினால் விளிம்பு நசுங்கி, செம்பு இழுபட்டு எல்லாவற்றின் மேலும் பூசிக்கொள்ளும். எபாக்சியில் புதைத்து, சிலிக்கன் கார்பைடு தாளில் படிப்படியாகத் தேய்த்து மெருகேற்றுவது ஒரு வழி. ஆர்கான் அயனிக்கற்றையால் சீவுவது அதைவிடச் சுத்தம், ஆனால் அந்தக் கருவி எல்லா இடத்திலும் இல்லை. ஒரு விளிம்பைச் சீவி முடிக்கச் சில மணி நேரமும் ஆகும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நன்றாக ஓடிய செல் ஒன்றின் ஆனோடை எபாக்சியில் புதைத்து, இரும்பை மெருகேற்றுகிற பழக்கத்தில் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். தேய்க்கும்போதே விளிம்பில் பொடிப்பொடியாகக் குமிழ் வந்தது. காற்று சிக்கியிருக்கும் என்று நினைத்து மேலே தேய்த்துவிட்டேன். படம் பார்க்க அருமையாக வந்தது. செம்புத் தகட்டுக்கும் கிராஃபைட்டுக்கும் நடுவே ஆறு மைக்ரான் இடைவெளி, நாடா நெடுக ஒரே சீராக. பூச்சு தகட்டை விட்டுக் கழன்றுவிட்டது என்றே அறிக்கையில் எழுதினோம். இரண்டு வாரம் கழித்து, அதே நாடாவின் இன்னொரு துண்டைத் தண்ணீரில்லாமல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தேய்த்துப் பார்த்தால் இடைவெளியே இல்லை. கிராஃபைட்டில் மீதமிருந்த லித்தியம் தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜனாகி, பூச்சைத் தூக்கியிருக்கிறது. அந்தக் குமிழ் அதுதான். அறிக்கை அனுப்புவதற்கு முன் தெரிந்தது. அன்றிலிருந்து குறுக்குவெட்டுப் படம் எதைப் பார்த்தாலும், எதை ஊற்றித் தேய்த்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

காற்றுப் படாமல் கொண்டுபோவது இன்னொரு செலவு. பௌச் செல் (பை வடிவ செல்) செய்ய வைத்திருக்கும் அலுமினியப் படலப் பையிலேயே மாதிரியைப் போட்டு, கிளவ் பாக்ஸுக்குள் வைத்து வெப்பத்தால் ஒட்டிவிடுவது நல்ல வழி. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட பிளாஸ்டிக் டப்பா ஆர்கானுக்கு ஈடாகாது. அலசிய கேத்தோடு சில நிமிடக் காற்றைத் தாங்கும். ஆனோடு தாங்காது. மாதிரியைத் தாங்கும் ஸ்டப் என்ற சிறு உலோக மேடையில் கார்பன் டேப்பால் ஒட்டுவதைக்கூட கிளவ் பாக்ஸுக்குள்ளேயே முடித்துவிட வேண்டும்.

## டி.இ.எம்.: கேள்வி நானோமீட்டரில் இருந்தால் மட்டும்

எஸ்.இ.ஐ.-ன் உள் அமைப்பு, என்.எம்.சி. மேற்பரப்பில் அணு வரிசை எந்த ஆழம் வரை குலைந்திருக்கிறது, இவை போன்ற கேள்விகளுக்கு வேறு கருவி கிடையாது. அந்த இடத்தில் இதற்கு நிகரில்லை.

ஆனால் மாதிரி 100 நானோமீட்டருக்கும் மெல்லியதாக இருக்க வேண்டும். அதற்குக் காலியம் அயனிக்கற்றையால் சீவ வேண்டும். காலியம் லித்தியத்தோடு கலந்துகொள்ளும். சீவி எடுத்த பிறகும் எலக்ட்ரான் கற்றையே லித்தியத்தைப் பொசுக்கும். நுண்ணோக்கி தயார், ஆனால் பார்க்க வந்ததே பார்க்கும்போது அழிகிறது என்ற நிலை பல ஆண்டுகள் இருந்தது. 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் யீ சுய் குழுவினர் மாதிரியைத் திரவ நைட்ரஜன் குளிரில் உறையவைத்து, லித்தியம் ஊசிகளை அணு அளவில் படம் எடுத்துக் காட்டினார்கள். உயிரியலுக்காக வளர்ந்த அந்த உறைநிலை முறைக்கு அதே ஆண்டு வேதியியல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்த வசதி இல்லாத டி.இ.எம்.-ல் எஸ்.இ.ஐ. பார்ப்பதென்றால், கிடைக்கும் படத்தில் எவ்வளவு கற்றை செய்த சேதம் என்று பிரிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பரப்புக் கணக்கும் போட்டுப் பாருங்கள். நாடா 60 செ.மீ. நீளம், சீவிய துண்டு 10 மைக்ரான் நீளம். 60,000-ல் ஒரு பங்கு. மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி வரை 90 கி.மீ. சாலையில் ஏதோ ஓர் இடத்தில் ஒன்றரை மீட்டரைப் பார்த்துவிட்டு, சாலை எப்படியிருக்கிறது என்று சொல்வதற்குச் சமம். எந்த ஒன்றரை மீட்டர் என்பதை எஸ்.இ.எம். பார்த்து முதலில் முடிவு செய்யாமல் டெம்முக்குப் போவது வீண்.

சின்ன விஷயம், ஆனால் பலர் தடுக்கி விழுவது: செம்பு கரைந்து வந்ததா என்று பார்க்கப்போகிறவர்கள் செம்பு கிரிட்டில் (மாதிரியைத் தாங்கும் சிறு உலோக வலை) மாதிரியை வைக்கக் கூடாது. நிக்கல் கிரிட் கேளுங்கள். என்.எம்.சி. என்றால் நிக்கலும் குழப்பும், தங்க கிரிட் கேளுங்கள்.

## மற்றவை

அணுவிசை நுண்ணோக்கி, அதாவது ஏ.எஃப்.எம்., மேற்பரப்பைத் தடவிப் பார்ப்பது. கிளவ் பாக்ஸுக்குள்ளேயே வைத்தால் எஸ்.இ.ஐ. எவ்வளவு மெத்து, எவ்வளவு முறுக்கு என்று அளக்கலாம். உள்ளே பார்க்க உதவாது. செல்லைப் பிரிக்காமல் லித்தியத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நியூட்ரான் படம்தான் உண்மையான வழி. லித்தியம் நியூட்ரானை நன்றாக விழுங்கும். ஆனால் அதற்கு அணு உலை போன்ற பெரிய நியூட்ரான் மூலம் வேண்டும். இந்தூரில் உள்ள இண்டஸ்-2 சின்க்ரோட்ரானில் (மிக வலுவான எக்ஸ்ரே தரும் பெரிய இயந்திரம்) எக்ஸ்ரே படம் எடுக்கும் பாதை இருக்கிறது. திட்டம் எழுதிக் கொடுத்து, வரிசையில் நின்று வாங்க வேண்டிய நேரம் அது. பிஎச்.டி. செய்கிறவர்கள் முதல் ஆண்டிலேயே விண்ணப்பிக்கலாம்.

## அந்த மூன்று பேர்

மாணவிக்கு ஒளி நுண்ணோக்கியே போதும் என்றேன். கண்ணாடி அடைப்பில் ஐந்து துண்டுகள், ஐந்து வெவ்வேறு சார்ஜ் நிலையில். நீலம், சிவப்பு, பொன் என்று வரிசையாக வந்தது. பூச்சின் தடிமன் சார்ஜோடு கூடுவதைக் காட்ட மட்டும் இரண்டு குறுக்குவெட்டுகளை எஸ்.இ.எம்.-ல் எடுத்தோம். ஆல்கஹாலில் தேய்த்து.

பேக் கட்டுகிறவரிடம், கெட்ட செல்லை மட்டும் பார்த்தால் எதுவும் சொல்ல முடியாது, அதே பெட்டியில் வந்த நல்ல செல் ஒன்றும் வேண்டும் என்றேன். "நல்லதை எதுக்குண்ணே வீணாக்கணும்?" என்றார். சி.டி.யில் வீணாகாது, திரும்பக் கொடுத்துவிடுவார்கள் என்றதும் சம்மதித்தார். அவருக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி தேவையே இல்லை. பெட்டியில் மீதமிருப்பவற்றை வாடிக்கையாளருக்குக் கொடுக்கலாமா என்பதுதான் அவருடைய கேள்வி. இரண்டு செல்லின் சுருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதற்கான விடை பெரும்பாலும் கிடைத்துவிடும். சி.டி.க்கு முன்பே மொத்தப் பெட்டியின் உள்மின்தடையையும் அளந்து எழுதிவைக்கச் சொன்னேன். அதற்கு அவர் கடையில் இருக்கும் மீட்டரே போதும்.

தம்பியோடு பேசத்தான் நேரமானது. அவருடைய கேள்வி உண்மையிலேயே நானோமீட்டர் கேள்வி: தான் சேர்க்கும் ஒரு பொருளால் எஸ்.இ.ஐ. மெல்லியதாகிறதா என்பது. டெம் வேண்டும்தான். காரைக்குடியில் மின்வேதியியலுக்கென்றே நடுவண் ஆய்வு நிறுவனம், சிக்ரி, பக்கத்திலேயே இருப்பது நம் பக்கத்து மாணவர்களுக்குக் கொடுப்பினை. அழகப்ப செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவைத்த நிறுவனம். 1948-ல் அடிக்கல், 1953-ல் திறப்பு. அங்கே போவதற்கு முன், ஒவ்வொரு செல்லிலிருந்தும் நடு, ஓரம், இரண்டுக்கும் இடை என்று மூன்று துண்டுகளை 2 கிலோவோல்ட்டில் எங்களிடம் பார்த்துவிடச் சொன்னேன். முதல் நாளே ஓரத் துண்டு நடுத் துண்டு மாதிரி இல்லை என்று தெரிந்தது. இப்போது எந்தத் துண்டைச் சீவுவது என்ற யோசனையில் இருக்கிறார். பைகளின் மேல் செல் எண், திறந்தபோது இருந்த வோல்டேஜ், அலசியதா இல்லையா என்பதை மார்க்கரால் எழுதி, ஒட்டிய ஓரத்தை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்.